அப்பாவின் கூத்துக் கசெற்றும் திறக்க மறுத்த கோப்புகளும்

பழைய வீடியோ கசெற்றுகளைக் கணினியில் ஏற்றும் வேலையை யாரிடமும் முறையாகக் கேட்டறியாமல் நானாகவே தொடங்கினேன். அதற்கு ஏழு வாரமும் ஏறத்தாழ 54,000 ரூபாவும் போயின. அவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இனி எங்கு தேடினாலும் கிடைக்காத நான்கு நிமிடக் காட்சியும் போய்விட்டது, அதைத்தான் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை. பதிவு செய்த வீடியோக் கோப்பு, அதை மாற்றித் தரும் மென்பொருளில் திறக்கவில்லை என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பவர் யாராவது இதைப் படிக்கக்கூடும். அப்படியானால், அடுத்த காரியத்தில் கைவைக்கும் முன் தயவுசெய்து இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். அதுவரை அந்தக் கோப்பை அழிக்காதீர்கள். கசெற்றை மீண்டும் டெக்கில் (அதை ஓட்டும் கருவியில்) போடாதீர்கள்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு. என் அப்பா அண்ணாவியார், அதாவது கூத்து ஆசிரியர். வடமோடி என்ற வகைக் கூத்தைப் பழக்குவார், மத்தளம் அடிப்பார். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து, வீதிகள் திறந்து, விடிய விடியக் கூத்து ஆடலாம் என்ற நிலை திரும்பியதும், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அம்மாவின் ஊரில் ஒரு பாரதக் கதைக் கூத்தை மாதக்கணக்கில் பழக்கி 2003இல் அரங்கேற்றினார். மண்முனையில் அப்போது பாலம் இல்லை, அது 2014இல்தான் திறக்கப்பட்டது. நாங்கள் கல்லடியிலிருந்து போய், துறையில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்தோம். கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் ஒருவரும் கமெராவோடு எங்களுடன் வந்தார். இரவு ஒன்பது மணியிலிருந்து பொழுது புலரும் வரை அவர் எடுத்தது மூன்று மூன்று மணித்தியாலக் கசெற்றுகளாக எங்கள் கைக்கு வந்தது. நான் பெண்பிள்ளை, கூத்தாடும் வட்டமான களரியில் ஏறியதில்லை. வட்டத்தின் ஓரத்தில் பாயில் உட்கார்ந்து, கரப்புடுப்பு என்ற விரிந்த உடையோடு அரசர்கள் களரிக்குள் வரும் வரவுக்கு ஆடுவதையும் அப்பா மத்தளத்தோடு அவர்கள் பின்னால் நகர்வதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா ஆசைப்பட்டுக் கேட்டு மூன்று கசெற்றையும் தன் வீட்டுக்கு வாங்கிப் போயிருந்தார். அதனால்தான் அவை மிஞ்சின. 2004 டிசம்பர் 26 அன்று கல்லடியில் எங்கள் வீட்டுக்குள் கடல் புகுந்தபோது அப்பாவின் மத்தளமும், கூத்துக் கொப்பிகளும், எங்கள் படங்களும் ஒன்றுவிடாமல் போயின. அப்பா 2012இல் காலமானார். அவர் மத்தளம் அடிக்கும் பதிவு என்று உலகத்தில் இருப்பது அந்த மூன்று கசெற்றும்தான். 2024 டிசம்பரில் பெரியம்மா அவற்றை ஒரு சேலைத் துண்டில் சுற்றி என் கையில் தந்தார். “மகள், எனக்கு இனி வயது போய்விட்டது. நீதான் இதைக் காப்பாற்ற வேண்டும்” என்றார். நான் எப்படிப்பட்ட மனநிலையில் இந்த வேலையில் இறங்கினேன் என்பது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். பயமும் அவசரமும் சேர்ந்திருந்த மனநிலை அது. பின்னால் நான் விட்ட பிழைகள் பலவற்றுக்கு அந்த அவசரமே காரணம்.

முதலில் டெக் தேடினேன். புதிய டெக் இனி வாங்க முடியாது. ஜப்பானில் கடைசிவரை வி.எச்.எஸ். டெக் தயாரித்துக்கொண்டிருந்த நிறுவனமும் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. ஏறாவூரில் ஒரு வீட்டில் துணி போர்த்தி வைத்திருந்த டெக்கை 16,000 ரூபாவுக்கு வாங்கினேன். டெக்கிலிருந்து வரும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைக் கணினியோடு இணைக்கும் சிறிய யு.எஸ்.பி. கருவிக்கு 4,800 ரூபா. வீட்டில் ஒரு மேசைக்கணினி இருந்தது, அதில் 150 ஜிபி அளவுக்கு இடமும் இருந்தது. இது போதும், தனியாக வன்தட்டு எதற்கு என்று நினைத்தேன். ஒரு வன்தட்டை அன்றே வாங்கியிருந்தால் அந்த நான்கு நிமிடம் இன்று என்னிடம் இருந்திருக்கும்.

தொடக்கத்தில் சில காரியங்களைச் சரியாகவே செய்தேன். கசெற்றின் முதுகுப் பக்கத்தில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டேன். அது இல்லாவிட்டால், கை தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் டெக் அதன்மேல் பதியாது. பதிவு மென்பொருளில் பால் (PAL) என்ற வீடியோ முறையைத் தெரிவு செய்தேன். இலங்கையில் எடுத்த வி.எச்.எஸ். கசெற்றுகள் பெரும்பாலும் பால் முறையில்தான் இருக்கும், 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 சட்டகம். வேறு முறையில் விட்டால் படம் நிறமிழந்து கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். தரம் குறையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, வெர்ச்சுவல்டப் என்ற இலவச மென்பொருளில், ஹஃப்யுவ் என்ற கோடெக்கைப் (வீடியோவைச் சுருக்கி, பிறகு அவிழ்க்கும் நிரலைப்) பயன்படுத்திப் பதிய வேண்டும் என்று வாசித்து, அப்படியே செய்தேன். அது படத்தின் ஒரு புள்ளியைக்கூட இழக்காமல் சுருக்கும் முறை. அதனால் இடமும் நிறையப் பிடிக்கும். எனக்கு மணித்தியாலத்துக்கு 35 ஜிபி அளவு வந்தது. முதல் கசெற் முடிந்தபோது நூறு ஜிபியைத் தாண்டிய ஒரே கோப்பு கையில் இருந்தது. அதே மென்பொருளில் ஓட்டிப் பார்த்தேன். வெள்ளைத் துணியை இருவர் பிடித்திருக்க, அதன் கீழே சதங்கை கட்டிய கால்கள் மட்டும் தெரிந்தன. அப்பாவின் குரல் கேட்டது. மேசையில் தலை வைத்து அழுதுவிட்டேன்.

சுவிசில் இருக்கும் தம்பிக்கு நூறு ஜிபியை அனுப்ப முடியாது. சிறிய எம்.பி.4 ஆக மாற்றுவதற்கு ஒரு குறியாக்க மென்பொருளை நிறுவி, கோப்பை அதற்குள் இழுத்துப் போட்டேன். திறக்க முடியவில்லை, ஆதரிக்கப்படாத கோப்பு என்று ஒரு வரி வந்து நின்றது. மூடித் திறந்தேன், கணினியை நிறுத்தி மறுபடி போட்டேன், அதே வரிதான். இங்கேதான் என் பிழைகள் தொடங்குகின்றன. முதலில் கோப்பின் பெயரின் கடைசியில் இருந்த ஏ.வி.ஐ. என்பதை அழித்து எம்.பி.4 என்று எழுதிப் பார்த்தேன். நாட்டரிசி மூட்டையின்மேல் சம்பா என்று எழுதினால் உள்ளே இருப்பது சம்பாவாகாது. பெயரின் வால் வெறும் எழுத்து, அதை மாற்றுவதால் உள்ளே எதுவும் மாறாது. அடுத்ததாக, எல்லா வீடியோவையும் திறக்கும் என்று விளம்பரம் செய்த ஒரு கோடெக் தொகுப்பை, யார் செய்தது என்றுகூடப் பார்க்காமல் தரவிறக்கி நிறுவினேன். கோப்பு திறக்கவில்லை. கணினி முழுக்க விளம்பரங்கள் முளைத்தன. அதைச் சுத்தம் செய்ய 2,500 ரூபாவும் இரண்டு நாளும் செலவாயின. கோடெக் தேவைப்பட்டால் அந்த ஒன்றை மட்டும், அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள்.

பிறகு கணினிப் பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி தன்னிடம் இருந்த ஒரு மென்பொருளில் கோப்பைத் திறந்து பார்த்தார், திறக்கவில்லை. மாலை வரை வைத்திருந்துவிட்டு, “அக்கா, பதிவு சரியாக விழவில்லை. கோப்பு பழுது. திரும்பவும் பிடியுங்கள்” என்றார். 3,500 ரூபா வாங்கிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, தெரிந்ததைச் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் நான் என்னையே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். வீட்டில் அதே கணினியில், அதே கோப்பு, பதிவு செய்த மென்பொருளில் படமும் ஒலியுமாக ஓடியதே, பழுதான கோப்பு எப்படி ஓடும்? இந்தக் கேள்வி மட்டும் எழுந்திருந்தால் எல்லாம் வேறு விதமாக முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தேன், இரண்டாவது பதிவுக்கு இடம் போதாது என்று கண்டேன், முதல் கோப்பை நிரந்தரமாக அழித்தேன், கசெற்றை மறுபடி டெக்கில் போட்டேன்.

ஒரு மணி பத்து நிமிடம் நன்றாக ஓடியது. அப்பா எழுந்து களரியின் நடுவுக்கு வரும் இடம் வருகிறது என்று நாற்காலியை முன்னால் இழுத்து உட்கார்ந்தேன். டெக்குக்குள் உலர்ந்த ஓலை நொறுங்குவது போல ஒரு சத்தம் கேட்டது. படம் சரிந்து, வெள்ளைக் கோடுகளாகி, நீலத் திரை வந்துவிட்டது. வெளியேற்றும் பொத்தானை அழுத்தினேன். கசெற் பாதி வெளியே வந்தது, நாடா உள்ளே எங்கோ பிடித்துக்கொண்டு கறுப்பு வளையமாகத் தொங்கியது. மின்சாரத்தை நிறுத்தி, மேல் மூடியின் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தேன். நாடா ஒரு இறப்பர் உருளையைச் சுற்றி இறுகியிருந்தது. விரல் நுனியால் உருளையைப் பின்பக்கமாகத் திருப்பித் திருப்பி அதை விடுவிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. விடுவித்தபோது, ஒரு முழம் அளவு நாடாவின் கீழ் விளிம்பு கசங்கிய கடதாசி போல மடிந்திருந்தது. அதற்கு முன்னும் பின்னும் நெடுந்தூரம் நாடாவில் சுருக்கம் விழுந்திருந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார், எடுக்கவும் இல்லை.

கசங்கிய இடம் உட்பட மிஞ்சிய பகுதியை ஓட்டிப் பதிவு செய்து முடித்தேன். அந்தப் புதிய கோப்பைக் குறியாக்க மென்பொருளில் போட்டேன். அதே வரி வந்தது. அப்போதுதான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில், வந்தாறுமூலையில் படிக்கும் என் மருமகளைக் கூப்பிட்டேன். அண்ணனின் மகள். சனிக்கிழமை வந்தாள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, கோப்பை அதில் திறந்தாள். கால் நிமிடம்கூட ஆகவில்லை. படத்தின் நீளம், அகலம், கால அளவு, ஒலியின் விவரம் எல்லாம் வரிசையாக வந்தன. கோடெக் என்ற இடத்தில் எச்.எஃப்.வை.யு. என்று நான்கு எழுத்து. “மாமி, கோப்பில் ஒரு பிழையும் இல்லை. இதை வாசிக்கத் தெரியாத மென்பொருளில் போட்டிருக்கிறீர்கள்” என்றாள். முதல் கோப்பும் அப்படித்தானே இருந்திருக்கும் என்று நான் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். ஏ.வி.ஐ. என்பது மைக்ரோசொஃப்ட் 1992இல் கொண்டுவந்த ஒரு பெட்டி வகை. அந்தப் பெட்டிக்குள் படத்தையும் ஒலியையும் பல விதமாகச் சுருக்கி வைக்கலாம். எந்த விதத்தில் சுருக்கப்பட்டது என்பதை நான்கு எழுத்துக் குறி சொல்லும். திறக்கும் மென்பொருளுக்கு அந்த விதத்தை அவிழ்க்கத் தெரிந்திருக்க வேண்டும். சில மென்பொருள்கள் அவிழ்க்கும் கருவிகளைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. சில, விண்டோசில் நிறுவப்பட்டிருக்கும் கோடெக்கைக் கேட்டு வாங்குகின்றன. நான் நிறுவியிருந்த வெர்ச்சுவல்டப்பும் ஹஃப்யுவும் 32 பிட் வகை. குறியாக்க மென்பொருள் 64 பிட் வகை. ஒரே கணினியில் இருந்தாலும் 64 பிட் மென்பொருளின் கண்ணுக்கு 32 பிட் கோடெக் தெரியாது. ஒன்றில் ஓடி மற்றதில் ஓடாததன் காரணம் இவ்வளவுதான். இதற்காகத்தான் நான் ஒரு நல்ல கோப்பை அழித்தேன்.

இப்படி ஒரு நிலை வந்தால் நான் இப்போது செய்யும் ஒழுங்கு இது. முதலில் கோப்பை வி.எல்.சி. என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் போட்டுப் பார்ப்பேன். அது அவிழ்க்கும் கருவிகளைத் தனக்குள்ளேயே கொண்டது, கணினியில் கோடெக் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. அதில் படமும் ஒலியும் வந்தால் கோப்பு நல்லது, குறை வேறெங்கோ. பிறகு மீடியாஇன்ஃபோவில் கோடெக் பெயரையும் கால அளவையும் பார்த்துக் கொப்பியில் எழுதுவேன். கால அளவு சரியாக வந்து கோடெக் மட்டும் புதிதாக இருந்தால், அந்தக் கோடெக்கின் 64 பிட் பதிப்பைத் தேடலாம். அதைவிட எளிது, எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியால் அதை எல்லா மென்பொருளும் ஏற்கும் வேறொரு வகைக்கு மாற்றிவிடுவது. ஹஃப்யுவை அது தானாகவே வாசிக்கும். வெர்ச்சுவல்டப் 2 என்ற பிந்திய பதிப்பும் அதே கருவியைத் தன்னுள் வைத்திருப்பதால் தனியாகக் கோடெக் கேட்பதில்லை. பழைய மினி டி.வி. (MiniDV) என்ற சிறிய டிஜிட்டல் கசெற் கமெராவிலிருந்து பதிவு செய்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அந்த ஏ.வி.ஐ. கோப்புகளில் முதல் வகை, இரண்டாம் வகை என்று இரண்டு இருக்கின்றன. முதல் வகையில் படமும் ஒலியும் ஒரே ஓடையாகப் பின்னிக் கிடக்கும், இரண்டாம் வகையில் ஒலி தனியாகவும் இருக்கும். பழைய வெர்ச்சுவல்டப் இரண்டாம் வகையை மட்டுமே திறக்கும். வகையை மாற்றித் தரும் சிறிய கருவிகள் இருக்கின்றன, மாற்றினால் படத்தின் தரம் குறையாது. இவ்வளவையும் பார்த்த பிறகும் திறக்காவிட்டால்தான் கோப்பில் பழுது என்று நினைக்கத் தொடங்குவேன். அப்போதும் அழிக்க மாட்டேன்.

மருமகள் போன அடுத்த நாளே 27,000 ரூபாவுக்கு இரண்டு டெராபைட் வன்தட்டு வாங்கினேன். அந்த மாதச் சம்பளத்தில் அது பெரிய துண்டு. வாங்கியதும் முதலில் அது எந்த முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தோம். ஃபேட்32 முறையாக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அதில் வைக்க முடியாது. என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றிக்கொண்டோம்.

இரண்டாவது கசெற்றை 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை பதிவு செய்யத் தொடங்கினேன். அந்த நாள் இலங்கையில் பலருக்கு நினைவிருக்கும். முற்பகல் பதினொன்றரை மணியளவில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பதிவு தொடங்கி ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. டெக்கும் கணினியும் ஒரே கணத்தில் அணைந்தன. கசெற் உள்ளே மாட்டியிருக்க, நான் டெக்கைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மின்சாரம் வந்ததும் முதலில் டெக்கைத்தான் போட்டேன். அது தானாகவே நாடாவை உள்ளே இழுத்துக்கொண்டது, கசெற் முழுதாக வெளியே வந்தது. பிறகு கணினியைப் பார்த்தேன். கோப்பு இருந்தது, அளவு 60 ஜிபியைத் தாண்டியிருந்தது. ஆனால் எந்த மென்பொருளும் திறக்கவில்லை, சில அதன் கால அளவைச் சுழியம் என்று காட்டின.

இந்த முறை பழுது உண்மையானது, அதற்குக் காரணமும் வேறு. ஏ.வி.ஐ. கோப்பில் எந்தச் சட்டகம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு சுட்டி உண்டு, புத்தகத்தின் கடைசியில் வரும் பெயர் அகராதி போல. பதிவை முறையாக நிறுத்தும்போதுதான் அது எழுதி முடிக்கப்படும். மின்சாரம் நின்றால் பக்கங்கள் எல்லாம் இருக்கும், சுட்டி மட்டும் இருக்காது. கோப்பின் அளவு பெரிதாக இருந்து கால அளவு சுழியம் என்று வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம், நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. மருமகள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, முதலில் கோப்பைப் புதிய வன்தட்டில் நகல் எடுத்தேன். பிறகு நகலை மட்டும் வெர்ச்சுவல்டப்பில் திறந்தேன். சுட்டியைக் காணவில்லை, கோப்பை முழுதாக வாசித்து மறுபடி அமைக்கிறேன் என்று ஒரு பெட்டி வந்தது. பச்சைக் கோடு எறும்பு ஊர்வது போல நகர்ந்தது. இரவுச் சாப்பாட்டை முடித்து, பாத்திரம் கழுவி வந்து பார்த்தபோது திரையில் படம் நின்றது. மீண்டும் மாற்றிச் சுருக்காமல், உள்ளதை உள்ளபடியே புதிய கோப்பாகச் சேமித்தேன். கடைசிச் சில நொடிகள் மட்டும் போயிருந்தன. கசெற்றை அந்த இடத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலிருந்து ஓட்டி மிச்சத்தைத் தனிக் கோப்பாகப் பிடித்து, பிறகு இரண்டையும் ஒட்டினோம். இதற்குப் பிறகு மின்சாரத்தைத் தாங்கும் ஒரு பழைய யு.பி.எஸ்.ஐ அலுவலகத் தோழி ஒருவர் தந்துதவினார். அது பத்து நிமிடம்தான் தாங்கும், பதிவை முறையாக நிறுத்த அது தாராளம்.

மூன்றாவது கசெற்றின் சுருளில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருந்தது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஊர் இது, ஈரக்காற்று எதையும் விடாது. அப்படிப்பட்ட கசெற்றை டெக்கில் போடவே கூடாது. பூஞ்சணம் டெக்கின் தலையில் படிந்து அடுத்தடுத்த கசெற்றுகளுக்கும் போகும். அதைச் சுத்தம் செய்து பதிவும் செய்து தரக்கூடிய ஒருவரிடம் கொடுத்தேன். அவர் பென்டிரைவில் தந்த எம்.பி.4 திறக்கவில்லை. ஆனால் இப்போது எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கோப்பின் அளவு சரியாக 4 ஜிபியில் நின்றது, பென்டிரைவ் ஃபேட்32. அவருடைய மென்பொருள் நேரடியாகப் பென்டிரைவிலேயே எழுதி, இடையில் நின்றுபோயிருக்கிறது. எம்.பி.4 கோப்பில் சுட்டி பெரும்பாலும் கடைசியில் எழுதப்படுவதால், வால் வெட்டுப்பட்டால் முன்பகுதிகூடத் திறக்காது. அவரிடம் மூலம் இருந்தது, வன்தட்டைக் கொண்டு போய் மறுபடி வாங்கிக்கொண்டேன். நேரடியாக எம்.பி.4 ஆகப் பதிவு செய்பவர்கள், மென்பொருள் இடம் தந்தால் எம்.கே.வி. என்ற கோப்பு வகையாகப் பதிவு செய்யுங்கள். அது இடையில் நின்றாலும் அதுவரை எழுதியதைத் திறக்கலாம், பிறகு எம்.பி.4 ஆக மாற்றுவது சில நிமிட வேலை.

மூன்றையும் ஹேன்ட்பிரேக் என்ற குறியாக்க மென்பொருளில் எம்.பி.4 ஆக்கினோம். வி.எச்.எஸ். படம் ஒற்றை எண் வரிகள், இரட்டை எண் வரிகள் என்று இரண்டாகப் பிரிந்து பதிவாகியிருக்கும். அதைச் சேர்க்கும் வடிகட்டியைப் போடாவிட்டால், ஆடுபவர் சுழலும்போது உடல் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். முதல் முறை அதை மறந்து ஒரு இரவு வீணானது. ஒரு நிமிடத் துண்டை மாற்றிப் பார்த்துவிட்டு முழுவதையும் விடுங்கள்.

கசங்கிய அந்த நான்கு நிமிடத்தில் படம் இல்லை. வி.எச்.எஸ். நாடாவின் கீழ் விளிம்பில்தான் படத்தை நிலைநிறுத்தும் தடம் ஓடுகிறது, அது மடிந்துவிட்டது. ஒலித் தடம் மேல் விளிம்பில் இருக்கிறது. அதனால் வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே மத்தளமும் சல்லரி என்ற கைத்தாளமும் விட்டுவிட்டுக் கேட்கின்றன. அதைப் பெரியம்மா வீட்டில் போட்டுக் காட்டியபோது, 2003இல் அந்தக் கூத்தில் அரசனாக ஆடிய மாமா ஒருவரும் வந்திருந்தார். அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. படம் மறைந்த இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். “இந்த இடத்தில் உன் அப்பா என் இடப்பக்கம் வந்து நிற்பார், மகள். தாளத்தைக் கொஞ்சம் இறுக்குவார்” என்று சொல்லி, தொடையில் தட்டித் தாளக்கட்டைச் சொன்னார். மருமகள் அதைத் தன் தொலைபேசியில் பதிந்துவிட்டாள். அதை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

மூலக் கோப்புகள் எல்லாம் இப்போது இரண்டு வன்தட்டுகளில் இருக்கின்றன. தம்பி பணம் அனுப்பி இரண்டாவது வாங்கினேன். ஒன்று கல்லடியில் என்னிடம், மற்றது படுவான்கரையில் பெரியம்மாவின் அலுமாரியில். ஒவ்வொன்றோடும் கோடெக் பெயர், கால அளவு, எந்த மென்பொருளில் பதிந்தது என்பவற்றைக் கடதாசியில் எழுதி வைத்திருக்கிறேன். கடந்த வாரம் மாமாவின் மகன் தன் வீட்டில் இருந்த இரண்டு கசெற்றைக் கொண்டுவந்து தந்தார். ஒன்றில் பூஞ்சணம் இல்லை. அதை டெக்கில் போடும் முன், யாருக்கும் வேண்டாத ஒரு பழைய கசெற்றை ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பார்க்கிறேன். உருளையை மாற்றியிருக்கிறேன், சத்தம் எதுவும் இல்லை.